தெரியாது என்பதும் ஒரு தவம்



தவம் என்றதும் காடும் குகையும் உண்ணாநோன்பும் நம் நினைவுக்கு வருகின்றன. பகவத்கீதையின் 17-ஆம் அத்தியாயமோ தவத்தை உடலால் செய்வது, வாக்கால் செய்வது, மனத்தால் செய்வது என மூன்றாகப் பகுத்துக் கூறுகிறது. வாக்கின் தவத்திற்குப் பகவான் வகுத்த இலக்கணம் எளிமையானது போலத் தோன்றும். நாம் பேசும் சொல் பிறர் உள்ளத்தைக் கலங்கச் செய்யக் கூடாது. அது உண்மையாக இருக்க வேண்டும். கேட்பவருக்கு இனியதாக இருக்க வேண்டும். அவருக்கு நன்மை பயக்கவும் வேண்டும். இந்த நான்கும் ஒருங்கே அமைந்தால்தான் அது தவம், ஒன்று குறைந்தாலும் தவமாகாது என்று ஆதிசங்கரர் தம் உரையில் தெளிவுபடுத்துகிறார்.

உண்மை எதுவென்று நமக்குத் தெரிந்திருக்கும் வேளையில் இந்தத் தவத்தைக் கடைப்பிடிப்பது ஓரளவு எளிது. பொய் சொல்லாமல், கடிந்து பேசாமல் இருந்தால் போதும். ஆனால் உண்மை எதுவென்று நமக்குத் தெரியாத வேளைகளும் உண்டு. சுற்றியுள்ள எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். நம் நெஞ்சும் பதைக்கும். ஏதாவது சொல்ல வேண்டுமென்று நாக்கு துடிக்கும். அப்போது நாம் சொல்வது பொய்யா என்றால், பொய் என்று நமக்குத் தெரியாது. மெய்யா என்றால், அதுவும் தெரியாது. தெரியாமை என்னும் இந்த இடைவெளியில்தான் மனிதன் மிகுதியாகப் பேசுகிறான். அறியாமலே பெருந்தீங்கும் செய்து விடுகிறான். ஒரு வீட்டுக் குழந்தைகள் காணாமற் போகும் வேளை அத்தகையது. அதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

இரு குழந்தைகளும் ஒரு காடும்

கனடா நாட்டின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா என்னும் மாகாணம் உள்ளது. அதன் பிக்டோ வட்டாரத்தில், காட்டை ஒட்டிய ஒரு கிராமத்து வீட்டிலிருந்து 2025-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் காலையில் காவல்துறைக்கு அழைப்பு வந்தது. 6 வயது அக்காளும் 4 வயதுத் தம்பியும் வீட்டில் இல்லை என்பதே செய்தி.

தேடல் உடனே தொடங்கியது. ஹெலிகாப்டர்களும் ஆளில்லா விமானங்களும் மோப்ப நாய்களும் வந்தன. ஏறத்தாழ 160 பேர் வரை அணிவகுத்துக் காட்டைச் சல்லடையாகச் சலித்தனர். 2022 செப்டம்பரில் வீசிய ஃபியோனா புயலில் சாய்ந்த மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்த காடு அது. தேடியவர்களுள் பலர் ஊதியம் பெறாத தொண்டர்கள். சில நாட்களுக்குப் பின் பெருந்தேடல் குறைக்கப்பட்டது. ஜூன் மாதம், பயனுள்ள துப்பு தருவோருக்கு 1,50,000 கனடிய டாலர் வரை வெகுமதி என்று மாகாண அரசு அறிவித்தது. காவல்துறையினர் ஆயிரக்கணக்கான காணொளிப் பதிவுகளைப் பார்வையிட்டனர். மக்கள் தந்த நூற்றுக்கணக்கான துப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். இலையுதிர் காலத்தில் பயிற்சி பெற்ற நாய்களைக் கொண்டு மீண்டும் தேடினர். இவ்வளவு முயன்றும், மாதங்கள் பல கழிந்தும், குழந்தைகள் எங்கே என்ற வினாவுக்கு விடை கிடைக்கவில்லை.

விடை இல்லாத இடத்தில் பேச்சு வந்து குடியேறியது. அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே அறியாதவர்களும் தீர்ப்பு வழங்கத் தலைப்பட்டார்கள். குடும்பத்தாரின் முகக்குறிப்பு, அவர்கள் கையாண்ட சொற்கள், அழுதது, அழாதது யாவும் ஆராய்ச்சிக்கு உள்ளாயின. ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பது நம் பழமொழி. இன்று ஊர் என்பது உலகமாகவே விரிந்துவிட்டது. கையடக்கக் கருவி வழியே அந்தப் பேச்சு நம் வீட்டுக் கூடத்துக்கும் வந்துவிடுகிறது.

அந்தப் பேச்சுகளுள் எது சரி என்று கூற நாம் இங்கு முற்படவில்லை. அதற்கான அறிவும் உரிமையும் நமக்கு இல்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. காட்டில் தேடிய தொண்டரும் குழந்தைகளையே தேடினார். வீட்டில் அமர்ந்து பேசியவரும் அக்குழந்தைகளைப் பற்றியே பேசினார். முன்னவர் ஒரு பகுதியைத் தேடி முடித்ததும், "இந்தப் பகுதியில் பார்த்தோம், இங்கே இல்லை" என்று குறித்துவிட்டு அடுத்த பகுதிக்குச் சென்றார். அவருடைய சொல் சிறியது. அதில் அறிவு இருந்தது. பின்னவரோ ஓரடியும் எடுத்து வைக்காமல் முடிவையே அறிவித்தார். இவ்விருவரில் நாம் யார் என்பதே நம் ஆன்மிக வாழ்வுக்கு உரிய வினா.

ஐயத்திற்கு நம் முன்னோர் தந்த இடம்

கௌதம முனிவர் நியாய சாஸ்திரத்தில் 16 தத்துவங்களை எண்ணுகிறார். அறிவு பெறும் வழி முதலாவது. அறியப்படும் பொருள் இரண்டாவது. மூன்றாவதாக அவர் வைப்பது ஐயம். தெளிவு என்னும் நிர்ணயம் அதற்கு வெகு பின்னர் ஒன்பதாவதாக வருகிறது. ஐயத்தை அவர் இழிவானதாகக் கருதவில்லை. ஆராய்ச்சி தொடங்குவதற்கு உரிய வாயிலாகவே கண்டார். அந்தி மயங்கும் நேரத்தில் தொலைவில் உயரமாக ஏதோ நிற்கிறது. அது மரக்கட்டையா, மனிதனா? இதுவே நியாய நூலார் ஐயத்திற்குக் காட்டும் எடுத்துக்காட்டு. அறிவுடையவன் அருகில் சென்று பார்ப்பான்; செல்ல இயலாவிடில், "தெரியவில்லை" என்பான்.

சாதாரண மனம் இந்த நிலையில் நிற்க அஞ்சுகிறது. ஐயம் ஒரு வலி. அதிலும் குழந்தைகளைப் பற்றிய ஐயம் தாங்க முடியாத வலி. அந்த வலியிலிருந்து தப்புவதற்காக மனம் ஏதேனும் ஒரு முடிவைப் பற்றிக்கொள்கிறது. தவறான முடிவும் ஐயத்தைவிட ஆறுதலாகத் தோன்றுகிறது. யாரோ ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானித்துவிட்டால், உலகம் மீண்டும் ஒழுங்காகி விட்டது போன்ற மயக்கம் உண்டாகிறது.

வேதாந்தம் இதையே கயிறும் பாம்பும் என்ற உவமையால் விளக்குகிறது. நாம் பலமுறை கேட்ட உவமைதான். ஆயினும் அதில் கவனிக்க வேண்டிய இரண்டு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, முழு இருளில் கயிறு பாம்பாகத் தோன்றாது. அங்கே எதுவுமே தோன்றாது. முழு வெளிச்சத்திலும் தோன்றாது. 'ஏதோ இருக்கிறது' என்ற அளவுக்கு மட்டும் வெளிச்சம் இருக்கும்போதுதான் கயிறு பாம்பாகிறது. அரைகுறையாக வந்து சேரும் செய்தி இத்தகைய மங்கிய வெளிச்சமே. இரண்டாவது, அந்தப் பாம்பு வெளியிலிருந்து வந்ததன்று. பார்ப்பவனுடைய நினைவிலிருந்து எழுந்தது. பாம்பையே அறியாதவன் கயிற்றில் பாம்பைக் காண்பதில்லை. ஆகவே, காணாமற் போன குழந்தைகளைப் பற்றி ஒருவர் உறுதியாகக் கூறும் கதை பெரும்பாலும் அவருடைய அச்சத்தையும், அவர் பட்ட காயத்தையும், அவர் கேட்டு வளர்ந்த பிற கதைகளையுமே நமக்குக் காட்டுகிறது. அக்குழந்தைகளைப் பற்றி அது எதையும் கூறுவதில்லை.

உவமைக்கும் வாழ்க்கைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாம்பு என்று அழைப்பதால் கயிற்றுக்கு நோவதில்லை. மனிதர்மீது நாம் ஏற்றும் பாம்போ அவர்களைக் கொன்றுவிடக் கூடும்.

துவாரகையில் எழுந்த முணுமுணுப்பு

காணாமற் போன ஒருவரைப் பற்றி ஊர் பேசிய கதையை பாகவதத்தின் 10-ஆம் ஸ்கந்தம் நமக்குச் சொல்கிறது. விநாயக சதுர்த்தியன்று பிறையைப் பார்த்துவிட்டால் வீண்பழி வரும், அது நீங்கச் சியமந்தக மணியின் கதையைக் கேட்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கூறுவார்களே, அந்தக் கதைதான்.

சூரிய தேவனிடமிருந்து சத்ராஜித் பெற்ற மணி அது. நாள்தோறும் பொன் தருவது. அதை அரசர் உக்கிரசேனருக்குக் கொடுக்கலாமே என்று கண்ணன் ஒருமுறை கேட்டான், சத்ராஜித் மறுத்துவிட்டான். பின்னர் ஒரு நாள் சத்ராஜித்தின் தம்பி பிரசேனன் அந்த மணியைக் கழுத்தில் அணிந்து, குதிரையேறிக் காட்டுக்கு வேட்டையாடச் சென்றான். திரும்பி வரவில்லை. "மணிக்காகக் கண்ணனே என் தம்பியைக் கொன்றிருக்க வேண்டும்" என்றான் சத்ராஜித். கேட்டவர்கள் அதை ஒருவர் காதில் ஒருவர் ஓதினார்கள்.

சத்ராஜித்தின் வாதத்தை நாம் சற்று ஆராய்வோம். கண்ணன் அந்த மணியைக் கேட்டது உண்மை. மணியோடு சென்றவன் மறைந்ததும் உண்மை. இரண்டு உண்மைகளையும் சேர்த்து அவன் ஒரு பொய்யைக் கட்டிவிட்டான். 'நோக்கம் இருந்தது, ஆகவே செய்திருப்பான்' என்ற இந்த அனுமானத்தை நியாய நூலார் அனைகாந்திகம் என்னும் போலி ஏதுவில் சேர்ப்பார்கள். நோக்கம் உள்ளவரெல்லாம் செயலைச் செய்துவிடுவதில்லை. ஆகவே அந்தக் காரணம் அந்த முடிவைத் தாங்காது. ஆயினும் தம்பியை இழந்து தவிக்கும் மனத்திற்கு அந்த முடிவு வேண்டியிருந்தது; ஊருக்கும் அது சுவையாக இருந்தது.

பழி தன்மீது விழுந்ததை அறிந்த கண்ணன் யாரோடும் வாதாடவில்லை. நகரத்தாரை உடன் அழைத்துக்கொண்டு பிரசேனன் சென்ற தடத்தைப் பின்பற்றிக் காட்டுக்குள் நடந்தான். பிரசேனனும் குதிரையும் சிங்கத்தால் கொல்லப்பட்டுக் கிடந்ததை எல்லோரும் கண்டார்கள். மேலும் சென்றபோது அந்தச் சிங்கம் ஒரு கரடியால் கொல்லப்பட்டுக் கிடந்தது. கரடியரசன் ஜாம்பவானின் குகையை அடைந்ததும் மக்களை வெளியே நிறுத்திவிட்டுக் கண்ணன் மட்டும் உள்ளே புகுந்தான். அங்கே அந்த மணி ஒரு குழந்தையின் விளையாட்டுப் பொருளாக இருந்தது!

அதன் பின் நடந்ததுதான் நாம் பலமுறை கவனியாமல் விட்டுவிடும் பகுதி. குகைக்குள் 28 நாட்கள் போர் நடந்தது. வெளியே நின்றவர்கள் 12 நாட்கள் காத்திருந்து, கண்ணன் வராததால் துயரத்தோடு ஊர் திரும்பினார்கள். துவாரகை மக்கள் சத்ராஜித்தைச் சபித்தபடியே அம்பிகையை வழிபட்டுக் கண்ணனுக்காக வேண்டினார்கள். நேற்று வரை கண்ணனைப் பற்றி முணுமுணுத்த ஊர், இன்று சத்ராஜித்தைத் தூற்றுகிறது. வதந்தி திருந்தவில்லை, ஆளை மட்டும் மாற்றிக்கொண்டது. கண்ணன் மணியோடு திரும்பியபோது சத்ராஜித்தை அரசவைக்கு அழைத்து, நடந்ததைக் கூறி, மணியை அவனிடமே ஒப்படைத்தான். சத்ராஜித் தலைகுனிந்தான். அவனைக் கண்ணன் ஒரு சொல்லாலும் சுடவில்லை.

தாயின் கண்ணீரை அளந்தவர்கள்

இது புராணம்தானே என்று ஒதுக்கிவிட முடியாதபடி அண்மைக் கால வரலாறும் அதே பாடத்தைக் கற்பிக்கிறது. 1980-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் நாள் இரவு ஆஸ்திரேலியாவின் நடுவே உள்ள உலுரு மலையடிவாரத்தில் ஒரு குடும்பம் கூடாரம் அமைத்துத் தங்கியிருந்தது. 9 வார வயதுடைய பெண் குழந்தை கூடாரத்திலிருந்து மறைந்தது. டிங்கோ என்னும் காட்டுநாய் குழந்தையைக் கொண்டுபோனது என்று தாய் லிண்டி சேம்பர்லைன் கதறினார். முதல் விசாரணை அதை ஏற்றது. ஆனால் மக்களின் பேச்சு ஏற்கவில்லை. குழந்தையின் பெயருக்குப் பலி என்று பொருள் என்றார்கள், அது பொய். அந்தத் தாய் போதுமான அளவு அழவில்லை என்றார்கள். 1982-இல் அவர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஆயுள் தண்டனை பெற்றார். 1986-இல் குழந்தையின் மேலாடை மலைப்பகுதியில் கிடைத்தது, அவர் விடுவிக்கப்பட்டார். 1988-இல் தீர்ப்பு நீக்கப்பட்டது. குழந்தையை டிங்கோவே கொண்டுபோனது என்று விசாரணை அதிகாரி அதிகாரபூர்வமாக அறிவித்தது 2012 ஜூன் மாதத்தில். தம் குழந்தை எப்படி இறந்தது என்பது ஏட்டில் ஏறுவதற்கு அந்தத் தாய் ஏறத்தாழ 32 ஆண்டுகள் காத்திருந்தார்.

'அழவில்லை, ஆகவே துயரம் இல்லை' என்ற வாதத்தை அத்வைத நூல்கள் கொண்டு ஆராயலாம். ஒன்று இல்லை என்பதை அறியும் வழியை அனுபலப்தி என்பார்கள். மேசைமேல் குடம் தென்படவில்லையானால் அங்கே குடம் இல்லை என்று அறிகிறோம். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பொருள் இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்ற நிலை வேண்டும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதால் குடம் இல்லை என்று சொல்ல முடியாது. பிறர் உள்ளம் நமக்கு இருட்டறை. அங்கே துயரம் தென்படவில்லை என்பதால் துயரமே இல்லை என்று எவ்வாறு கூறுவது? சிலர் அலறுவார்கள், சிலர் கல்லாகச் சமைந்துவிடுவார்கள்.

நம் நாட்டில் நடந்தவை

நம் நாட்டிலும் 2018-ஆம் ஆண்டில், பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுகிறார்கள் என்ற வதந்தி மாநிலம் மாநிலமாகப் பரவியது. கைபேசிகளில் சுற்றிய காணொளி ஒன்றில், இரு சக்கர வண்டியில் வந்தவர்கள் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்கிறார்கள். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுறுத்த எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். இறுதியில் குழந்தை திரும்ப ஒப்படைக்கப்படும். யாரோ அந்த இறுதிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். நல்லெண்ணத்தால் எடுக்கப்பட்ட படம், பாதி மறைக்கப்பட்டதும், கயிற்றைப் பாம்பாக்கும் மங்கிய வெளிச்சமாயிற்று.

அந்த ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு உறவினரோடு வந்த மூதாட்டி ஒருவர் வழியில் கண்ட குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணி ஒரு கும்பல் அவரை அடித்துக் கொன்றது. ஜூன் 28-ஆம் நாள் திரிபுராவில், வதந்தியை நம்பாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்க அனுப்பப்பட்டவரே கொல்லப்பட்டார். ஜூலை 1-ஆம் நாள் மகாராஷ்டிர மாநிலம் துளே மாவட்டத்து ரைன்பாடா கிராமத்தில், பிச்சையேற்று வாழும் நாடோடிச் சமூகத்தினர் 5 பேர் கொல்லப்பட்டனர். அம்மாதம் 17-ஆம் நாள், கும்பல் கொலைகளைத் தடுக்க உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது.

குழந்தைகளிடத்தில் அன்பு இல்லாதவர்கள் அந்தக் கும்பல்களில் இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். அவர்களில் பலர் தாமும் பெற்றோர். குழந்தைகளைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பியே கையை ஓங்கினார்கள். விவேகம் இல்லாத அன்பு எவ்வளவு கொடியதாகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நம்பத் தகுந்தவர் யார்?

அப்படியானால் யார் சொல்லை நம்புவது? நாம் எப்போது பேசலாம்? நியாய சூத்திரத்திற்கு உரை வகுத்த வாத்ஸ்யாயனர் நம்பத் தகுந்தவரை ஆப்தர் என்கிறார். ஆப்தருக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. சொல்லும் பொருளை அவர் நேரில் அறிந்திருக்க வேண்டும். உயிர்களிடத்தில் இரக்கம் உடையவராக இருக்க வேண்டும். உள்ளதை உள்ளவாறே எடுத்துரைக்கும் விருப்பம் வேண்டும். இந்த அடையாளங்கள் முனிவர்க்கு மட்டும் உரியன அல்ல, எந்நாட்டார்க்கும் எவ்வினத்தார்க்கும் பொது என்பதையும் அவர் சேர்த்துச் சொல்கிறார்.

இரக்கத்தை ஓர் அறிவிலக்கணமாக அவர் வைத்ததை எண்ணிப் பாருங்கள். இரக்கமற்றவன் உண்மையை அறிந்திருந்தாலும் தனக்கு வேண்டியதைக் கூட்டியும் குறைத்தும் சொல்வான். திருவள்ளுவரும் வாய்மைக்கு இலக்கணம் கூறும்போது, தீங்கு சிறிதும் இல்லாத சொல்லே வாய்மை என்கிறார். ஆகவே, பேசுமுன் நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். நான் இதை நேரில் அறிவேனா? யார்மீது இரக்கத்தால் இதைச் சொல்கிறேன்? அறிந்ததை அறிந்த அளவிலேயே நிறுத்துகிறேனா? மூன்றிற்கும் 'ஆம்' என்று விடை வருமானால் சொல்லலாம்; சொல்லியே ஆகவேண்டும்.

இங்கே ஒரு தடை எழலாம். "எல்லோரும் மௌனமாகிவிட்டால் காணாமற் போன ஏழைக் குழந்தைகளை யார் தேடுவார்கள்?" நியாயமான தடைதான். நொய்டாவின் நிதாரியில் பிள்ளைகளைக் காணவில்லை என்று ஏழைப் பெற்றோர் முறையிட்டபோது உரிய கவனம் கிடைக்கவில்லை. 2006 டிசம்பரில் எலும்புகள் கண்டெடுக்கப்பட்ட பிறகே நாடு விழித்தது. அங்கே உரத்த குரல் வேண்டியிருந்தது. ஆனால், அதே வழக்கில் மரண தண்டனை பெற்ற இருவரை, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று 2023-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் விடுவித்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். பெற்றோரின் வினா இன்னும் வினாவாகவே நிற்கிறது. "தேடினீர்களா? என்ன செய்தீர்கள்?" என்று பொறுப்பில் இருப்போரை ஓயாமல் கேட்பது தர்மம். "இவர்தான் செய்தார்" என்று அறியாமல் தீர்ப்பளிப்பது அதர்மம்.

நாம் செய்யக் கூடியவை

வாக்கின் தவம் வெறும் மௌனம் அன்று. குழந்தையைக் காணோம் என்றால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று பலர் இன்னும் எண்ணுகிறார்கள், அது தவறு. உடனே 112 என்ற எண்ணையோ, குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும். காணாமற் போன குழந்தைகளைப் பற்றிய புகாரை முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும் என்று 2013 மே 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டுள்ளது. இதைப் படிப்பறிவில்லாத பெற்றோருக்கு எடுத்துச் சொல்லி, உடன் செல்வது பெரும் தொண்டு. கிணறு, நீர்த்தொட்டி, வைக்கோற்போர், நிறுத்திய வண்டி என வீட்டைச் சுற்றியுள்ள இடங்களை முதலில் பார்க்க வேண்டும். எதையாவது கண்டிருந்தால் நாளையும் நேரத்தையும் இடத்தையும் குறித்துக் காவல்துறையிடம் கூற வேண்டும். கண்டதோடு ஊகத்தைக் கலக்க வேண்டாம். அறிவிப்பு ஒன்றைப் பிறருக்கு அனுப்புமுன் அது எந்த நாளுக்கு உரியது, யார் வெளியிட்டது என்று பார்க்க வேண்டும். குழந்தை கிடைத்துவிட்டால் அதன் படத்தை நீக்கிவிட வேண்டும். அந்தக் குழந்தைக்கு இனி ஒரு வாழ்வு இருக்கிறது. தேடுவோருக்கு உணவு சமைத்துக் கொடுப்பதும், அந்த வீட்டில் மீதமுள்ள குழந்தையை அணைத்துக்கொள்வதும் நூறு ஊகங்களைவிட மேலானவை.

காத்திருப்போரின் துயரம்

மரணத்திற்கு ஒரு நாள் உண்டு. அழுது தீர்க்க ஒரு சடங்கு உண்டு. காணாமற் போதலுக்கு அது இல்லை. அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் 1970-களில் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 1945 கிறிஸ்துமஸ் முந்திய இரவில் ஒரு கிராமத்து வீடு எரிந்தது. அவ்வீட்டுக் குழந்தைகள் 5 பேர் தீக்குப் பின் காணப்படவில்லை. அவர்களுடைய உடல்களும் கிடைக்கவில்லை. பிள்ளைகளின் படங்களைச் சாலையோரப் பலகையில் வைத்துப் பெற்றோர் பல்லாண்டுகள் காத்திருந்தனர். விடை அறியாமலே இருவரும் மறைந்தனர்.

நம் தர்ம சாஸ்திரங்கள் இந்தத் துயரத்தை அறிந்திருந்தன. போனவர் திரும்பவில்லை என்றால் 12 ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லி, அதன் பின்னரே தர்ப்பையாலோ பலாச இலையாலோ உருவம் செய்து ஈமக்கடன் ஆற்ற வழி கூறின. 12 ஆண்டுகள் ஒரு குடும்பம் தெரியாமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு காலம் அவர்கள் தாங்குவதை நம்மால் ஒரு நாள், ஒரு மாலைப்பொழுது தாங்க முடியாதா? அவர்களுக்கு நாம் தரக்கூடிய சிறந்த துணை, நாமும் அவர்களோடு தெரியாமையில் நிற்பதே.

உபநிடதங்கள் பரம்பொருளைப் பற்றிப் பேசும்போதும், அதை அறிந்துவிட்டேன் என்பவன் அறியாதவன் என்று எச்சரிக்கின்றன. தெரியாது என்று சொல்லும் பணிவு இறைவனை நாடுவோருக்கு முதற்படி. அதைப் பழகும் இடம் பூஜையறை மட்டுமன்று. அடுத்தவர் துயரத்தைப் பற்றி நாம் வாய் திறக்கும் இடமும் அதுவே.

இனி ஏதேனும் ஒரு வீட்டின் குழந்தை காணாமற் போன செய்தி நம்மை எட்டும்போது, முதலில் அந்தக் குழந்தைக்காக இறைவனை வேண்டுவோம். அடுத்து, நாம் செய்யக் கூடியது ஏதேனும் உண்டா என்று பார்ப்போம். அதன் பின்னும் யாரேனும் நம்மிடம், "யார் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால், "எனக்குத் தெரியாது, குழந்தை கிடைக்க வேண்டும்" என்று மட்டும் கூறுவோம். யாரையும் கலக்காத, உண்மையான, இனிய, நன்மை தரும் அந்தச் சொல்லே அந்த வேளைக்கு உரிய வாக்கின் தவமாகும்.